ஆறு நாள் உழைக்கும் வேன், ஏழாம் நாள் வீடாகட்டும்

நம் சமுதாயத்தில் வேன் என்பது சோறு போடும் வாகனம். விடியற்காலையில் பூக்கூடைகளையும் வாழையிலைக் கட்டுகளையும் சுமந்து சந்தைக்குப் போகிறது. மதியத்தில் விருந்துச் சமையலின் அண்டாக்களைத் திருமண மண்டபத்தில் இறக்குகிறது. மின்கம்பி இழுப்பவர், குளிர்சாதனம் பழுதுபார்ப்பவர், பந்தல் போடுபவர், காய்கறி விற்பவர் எனப் பலருடைய வாழ்க்கை அதன் நான்கு சக்கரங்களின் மேல்தான் ஓடுகிறது. இந்த மலரைப் படிக்கும் மாணவர்களில் எத்தனையோ பேருடைய கல்விக் கட்டணம் அப்படிப்பட்ட ஒரு வேனின் பின்கதவு வழியாக வந்ததுதான்.

ஆனால் அந்த வேனோடு குடும்பமே கிளம்பி இரண்டு நாள் எங்காவது தங்கி வந்ததுண்டா என்று கேட்டால், நம்மில் பலர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். பத்துமலைத் தைப்பூசம், உறவினர் வீட்டுத் திருமணம், கருமாதி ஆகியவற்றைத் தவிர்த்தால், தகப்பனாரோடு சேர்ந்து பயணம் போன நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணம் கேட்டால் இரண்டு பதில்கள் வரும்: நேரம் இல்லை, ஹோட்டல் செலவு கட்டுப்படியாகாது. முதல் பதிலுக்கு என்னிடம் மருந்தில்லை. இரண்டாவது பதிலைப் பற்றித்தான் இக்கட்டுரை.

என் கருத்து இதுதான். வேலைக்கு ஓடும் வேனையே குடும்பம் தங்கிப் போகும் பயண வண்டியாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் திங்கட்கிழமை காலையில் அது மறுபடியும் வேலைக்குப் போகக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை மறந்து செய்யப்படும் மாற்றம் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஆடம்பரம். சில வேளைகளில் ஆபத்தும்கூட.

ஏழைநாளில் பிறந்த யோசனை

'கேம்பர் வேன்' என்றதும் பளபளக்கும் மரச்சுவர், குளியலறை, தொலைக்காட்சி ஆகியவற்றைக் கொண்ட வெளிநாட்டு வண்டிகள்தாம் பலருக்கு நினைவில் வரும். அதன் பிறப்பு அப்படி இல்லை. 1947இல் பென் போன் என்ற டச்சு வாகன இறக்குமதியாளர் தம் குறிப்பேட்டில் பெட்டி போன்ற ஒரு சரக்கு வண்டியை வரைந்தார். 1950இல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் அதை 'டைப் 2' என்ற பெயரில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மானிய நிறுவனம் அந்த வேனுக்குள் வைக்கக்கூடிய ஒரு மரச்சாமான் தொகுதியைச் செய்தது. 'கேம்பிங் பாக்ஸ்' என்று அதற்குப் பெயர். வாரயிறுதியில் உள்ளே வைத்தால் படுக்கையும் அலமாரியும் கிடைத்துவிடும். வேலை நாளில் கழற்றி வைத்துவிட்டால் வேன் மீண்டும் சரக்கு ஏற்றும்.

போரில் நொறுங்கி மெல்ல எழுந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், ஒரே வண்டி இரண்டு வேலை பார்க்க வேண்டியிருந்தது. இன்றைய நம் நிலைமையும் அதற்கு நெருக்கமானதே. வேன் கடன் ஒரு பக்கம், வீட்டுக் கடன் மறு பக்கம் என்றிருக்கும் குடும்பம், ஊர் சுற்றுவதற்காக ஒன்பது ஆண்டுத் தவணையில் இன்னொரு பெரிய வண்டி வாங்குவது அறிவுடைமை ஆகாது. ஜப்பானில் பல குடும்பங்கள் டொயோட்டா ஹயேஸ் போன்ற சரக்கு வேன்களின் பின்புறத்தில் கழற்றி மாட்டும் கட்டில் தொகுதியைப் பொருத்திக்கொள்கின்றன. அதே ஹயேஸ் நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடுகிறது. நமக்கு மட்டும் ஏன் இந்த எண்ணம் வரவில்லை?

பாட்டி வீட்டுப் பாடம்

வந்திருக்க வேண்டும் என்பேன். சிறிய இடத்தில் பெரிய குடும்பம் வாழும் கலையை நமக்கு வேறு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தோட்டப்புறத்து லயத்து வீடுகளில் வாழ்ந்த நம் பாட்டிமார்களிடம் அது இருந்தது. பகலில் கூடமாக இருந்த இடம் இரவில் பாய் விரித்ததும் படுக்கையறையானது. காலையில் பாய் சுருண்டு மூலைக்குப் போனது. உத்திரத்தில் தொங்கிய உறி, பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் பால் சட்டியைக் காத்தது. பரண், ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பாத்திரங்களைத் தாங்கியது. டிரங்குப் பெட்டி துணி வைக்கவும் பயன்பட்டது, உட்காரவும் பயன்பட்டது. பிள்ளை தூங்க ஏணை கட்டினார்கள். பிள்ளை எழுந்ததும் அந்த இடம் மறுபடி நடைவழியாயிற்று.

இன்று வடிவமைப்புப் பாடத்தில் சொல்லித்தரும் விதிகள் எல்லாம் இதில் அடங்கியிருக்கின்றன. ஒரு பொருளுக்கு இரண்டு வேலை கொடு. அடிக்கடி எடுப்பதைக் கைக்கெட்டும் இடத்தில் வை. தரையை மட்டும் பார்க்காதே, கூரையையும் பயன்படுத்து. அஞ்சறைப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். ஒரு மூடியைத் திறந்தால் சமையலுக்கு வேண்டியது எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனி அறை. ஒன்று தீர்ந்தால் உடனே கண்ணில் படும். வேனுக்குள் பொருள் வைக்க இதைவிடச் சிறந்த மாதிரி வேண்டுமா? 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்ற பழமொழி வீட்டுக்கு மட்டும் சொன்னது என்று யார் சொன்னது?

அளவு நாடா பேசட்டும்

ஆசையை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்குக்கு வருவோம். தாழ்ந்த கூரையுள்ள ஹயேஸ் வேனை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் வரிசைக்குப் பின்னால் முழுவதும் காலியாக இருந்தால் சரக்குப் பகுதி சுமார் 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 1.3 மீட்டர் உயரம் வரும். இரண்டாம் வரிசை இருக்கை உள்ள வகையில் அதற்குப் பின்னால் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளம் மிஞ்சும்.

இந்த மூன்று எண்களிலேயே பாதி முடிவு கிடைத்துவிடுகிறது. அகலம் ஒன்றரை மீட்டர்தான் என்பதால் பெரியவர்கள் குறுக்கே படுக்க முடியாது. நீளவாட்டில்தான் படுக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் அகலத்தில் இரண்டு பெரியவர்களும் ஒரு சிறு பிள்ளையும் படுக்கலாம். மூத்த பிள்ளைக்கு இரண்டாம் வரிசை இருக்கையே கட்டில்.

அடுத்தது கட்டிலின் உயரம். உயர்த்தினால் கீழே பொருள் வைக்க இடம் கூடும். ஆனால் மேலே உட்காரும்போது தலை இடிக்கும். கட்டில் சட்டம் 30 செண்டிமீட்டர், மெத்தை 8 செண்டிமீட்டர் என்று வைத்தால் மேலே ஏறக்குறைய 90 செண்டிமீட்டர் மிஞ்சும். நடுத்தர உயரமுள்ளவர் நிமிர்ந்து உட்கார அது போதும். கட்டிலுக்கு அடியில் சுமார் 750 லிட்டர் கொள்ளளவு இருக்கும். சக்கர மேடுகள் தம் பங்கை எடுத்துக்கொண்டாலும் 600 லிட்டருக்குக் குறையாது. 50 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிகளில் பத்துப் பன்னிரண்டு வைக்கும் இடம் அது. நால்வர் மூன்று நாள் தங்கத் தாராளம்.

இந்தக் கட்டிலை ஒரே துண்டாகச் செய்யக் கூடாது. நான்கு தனித்தனி மரப்பெட்டிகளாகச் செய்து, சேர்த்து வைத்தால் கட்டிலாகும்படி அமைக்க வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு பேர் தூக்கும் எடைக்குள், அதாவது 25 கிலோவுக்குள் இருப்பது நல்லது. இங்கே பலகையின் தடிமன் முக்கியம். எட்டடிக்கு நாலடி அளவுள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். 12 மில்லிமீட்டர் என்றால் 20 கிலோதான். ஐந்து பலகை வாங்கினால் வித்தியாசம் 50 கிலோ. அது ஒரு பிள்ளையின் எடை! 12 மில்லிமீட்டரை எடுத்து, குறுக்குச் சட்டங்களால் வலுவூட்டுவதே சரி.

ஞாயிறு இரவு திரும்பியதும் அந்த நான்கு பெட்டிகளும் வீட்டுக்குள் போய்விடும். அடுக்குமாடி வீடாக இருந்தால்கூடக் கூடத்தில் சுவரோரம் வைத்தால் உட்காரும் பலகையாகிவிடும். உள்ளே பழைய புத்தகங்களையும் தீபாவளிச் சாமான்களையும் வைக்கலாம். வேன் காலியாகிவிடும். திங்கட்கிழமை அப்பா தம் அண்டாக்களை ஏற்றலாம்.

கட்டாத பெட்டி கல்லாகும்

இதுவரை சொன்னதில் இடம் மிச்சப்படுத்துவது பற்றி மட்டும் பேசினேன். ஆனால் ஓடும் வண்டியில் பொருள் வைப்பதற்கும் வீட்டில் பொருள் வைப்பதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வீடு மோதுவதில்லை.

பள்ளி இயற்பியல் போதும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். மோதலில் வண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் சுமார் 14 மடங்கு விசையுடன் முன்னால் பாயும். கட்டப்படாத 10 கிலோ அரிசி டின் 140 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் முன்னிருக்கையில் இருப்பவரின் முதுகைத் தாக்கும். சரக்கு ஏற்றி இறக்கிப் பழகிய கைகளுக்குக் கயிறு கட்டத் தெரியும். ஆனால் குடும்பத்தோடு போகும்போது, 'பக்கத்தில்தானே போகிறோம்' என்று விட்டுவிடுகிறோம்.

ஆகவே மரப்பெட்டிகளை வேனின் தரையில் உள்ள கட்டுக்கொக்கிகளோடு போல்ட்டாலோ தாங்குபட்டையாலோ பிணைக்க வேண்டும். இழுப்பறைகள் தாமாகத் திறக்காதபடி தாழ்ப்பாள் வேண்டும். தண்ணீர், மின்கலம், அரிசி போன்ற கனமானவை தரைமட்டத்தில், பின்சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 40 லிட்டர் என்றால் 40 கிலோ. கூரையோரத்து வலைப்பையில் துணி, துண்டு, தொப்பி தவிர வேறு எதுவும் கூடாது. பாட்டியின் பரணில் பித்தளைக் குடம் இருந்தது உண்மைதான். ஆனால் பாட்டியின் வீடு தாப்பா மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறவில்லை!

மனிதர்களின் பாதுகாப்பு அதைவிட முக்கியம். பின்னிருக்கைப் பயணிகளும் இருக்கைவார் அணிய வேண்டும் என்பது 2009 ஜனவரி முதல் நம் நாட்டுச் சட்டம். குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம். 'பின்னால் மெத்தை இருக்கிறது, பிள்ளைகள் படுத்துக்கொண்டே வரட்டும்' என்ற பேச்சு அன்பினால் வருவதுதான். அந்த அன்பு பிள்ளையின் உயிருக்கு உலை வைத்துவிடும். வண்டி ஓடும்போது கட்டில் காலியாக இருக்க வேண்டும். இருக்கையும் வாரும் எத்தனை உண்டோ அத்தனை பேர்தான் ஏறலாம். ஓட்டுநர் வரிசை மட்டும் உள்ள மூடு வேன் என்றால், மற்றவர்கள் காரில் வர, வேன் படுக்கையறையாக மட்டும் உடன் வரட்டும்.

சட்டத்தின் பக்கம்

இங்கேதான் கழற்றி மாட்டும் முறையின் மறுபயன் தெரிகிறது. வாகனத்தின் கட்டமைப்பையோ இருக்கை எண்ணிக்கையையோ மாற்றுவதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜே.பி.ஜே.) அனுமதி வேண்டும். பதிவில் ஒன்றும் வண்டிக்குள் ஒன்றுமாக இருந்தால் குற்றம். கூரையை வெட்டி உயர்த்துவது, பக்கத்தில் சன்னல் திறப்பது, புதிய இருக்கையைத் தரையில் பற்றவைப்பது எல்லாம் இதில் அடங்கும். சரக்கு வண்டியாகப் பதிவான வேனை என்னென்ன காரியத்திற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேர்ந்த நாளில் இழப்பீட்டுக்கே உலை வைக்கலாம்.

கழற்றும் பெட்டிகளில் வெட்டுவதும் இல்லை, பற்றவைப்பதும் இல்லை. பரிசோதனை மையத்திற்கு வண்டியை வெறுமையாகக் கொண்டு போகலாம். அப்படியிருந்தும், பலகை வாங்குவதற்கு முன்பே பதிவுச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது ஒரு காலைப்பொழுது வேலைதான். காப்புறுதி முகவரிடம் எழுத்து மூலம் பதில் வாங்கி வைப்பதும் அப்படியே.

வெயிலும் கொசுவும்

'நம் ஊர் வெக்கையில் வேனுக்குள் எப்படி ஐயா தூங்குவது?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. குளிர்சாதனம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலத்தில் இருப்பது 1,280 வாட்-மணி. ஒரு குதிரைசக்தி குளிர்சாதனம் அதை இரண்டு மணி நேரத்திற்குள் குடித்துவிடும். அதே மின்கலம் ஒரு சிறிய குளிர்பெட்டி, இரண்டு மின்விசிறி, விளக்கு, நால்வரின் கைப்பேசி ஆகிய அனைத்தையும் ஏறத்தாழ இரண்டு நாள் தாங்கும்.

எனவே குளிரை உள்ளே கொண்டு வருவதைவிடக் குளிர் இருக்கும் இடத்திற்குப் போவது மலிவு. கேமரன் மலையின் தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். அங்கே மின்விசிறிகூடத் தேவைப்படாது. கடற்கரைக்குப் போனால், பின்கதவைத் தூக்கி விட்டு, திறப்பு முழுவதையும் மூடும்படி கொசுவலை கட்டினால் போதும். டிங்கி பரவும் நாட்டில் கொசுவலை மெத்தையைவிட முக்கியம்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நின்ற வண்டியில் இயந்திரத்தை ஓடவிட்டு, குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவரை அது எழுப்பாது. எரிவாயு அடுப்பை மூடிய வேனுக்குள் பற்றவைப்பதும் அதே ஆபத்துதான். அடுப்பு எப்போதும் வெளியே, தூக்கிய பின்கதவின் நிழலில் இருக்கட்டும்.

'அம்மா, அது எங்கே?'

இந்த யோசனைக்கு மிக வலுவான மறுப்பு வெயிலோ சட்டமோ இல்லை. அது நம் தாய்மார்களிடமிருந்து வரக்கூடியது. 'வீட்டில் சமைக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன், துணி மடிக்கிறேன். வேனிலும் அதையே செய்யவா கிளம்புகிறேன்? அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாமே!' இதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் வீண்.

பதில் பெட்டிகளை அடுக்கும் விதத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது அம்மாவின் நினைவில் மட்டும் இருக்கிறது. அதனால்தான் எதை எடுக்க வேண்டுமானாலும் 'அம்மா, அது எங்கே?' என்ற குரல் எழுகிறது. கேட்டவருக்கு ஒரு நொடி. அம்மாவுக்கு அது முழுநேர வேலை. வேனில் இதை மாற்றலாம். ஆளுக்கொரு பெட்டி, அதில் அவரவர் துணி, துண்டு, பல்துலக்கி. சமையலுக்கு ஒரு பெட்டி. அஞ்சறைப் பெட்டியைப் போல் அறை பிரித்து, மூடியின் உட்புறத்தில் பொருள்களின் பட்டியல். கருவிகளுக்கும் முதலுதவிக்கும் ஒன்று. இன்னொன்றை முழுதாகக் காலியாக வைக்க வேண்டும். அழுக்குத் துணியும் வழியில் வாங்கும் காய்கறியும் அதற்குள் போகும்.

பெட்டியின் மேல் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஆறு வயதுப் பிள்ளையும் கரண்டியைத் தேடி எடுக்கும். அப்பா தம் சட்டையைத் தாமே எடுத்துக்கொள்வார். யாரும் அம்மாவிடம் 'எங்கே?' என்று கேட்க வேண்டியிராத ஏற்பாடுதான் சிறந்த ஏற்பாடு. எத்தனை லிட்டர் இடம் மிஞ்சியது என்பதை நான் இரண்டாவது அளவுகோலாகத்தான் வைப்பேன். அந்தப் பழக்கம் வேனிலிருந்து வீட்டுக்கும் தொற்றிக்கொண்டால் செலவழித்த பலகைக் காசு அன்றே திரும்பிவிட்டது என்று கொள்ளலாம்.

நம் பங்கு என்ன?

2021 அக்டோபர் 11இல் மாநில எல்லைகளைக் கடக்க மீண்டும் அனுமதி கிடைத்தபோது, நெடுஞ்சாலைகளில் எத்தனை ஆவலோடு மக்கள் புறப்பட்டார்கள் என்பதை நாம் பார்த்தோம். பெற்றோரோடு சேர்ந்திருக்கும் நாள்களுக்கு முடிவு உண்டு என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் நமக்குக் கற்பித்தன. வேன் ஓட்டும் தகப்பனார்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. 'பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், அப்பாவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போவேன்' என்று நாம் சொல்கிறோம். நல்லது. ஆனால் அதற்கு முன் வரும் விடுமுறையில் நான்கு பெட்டிகள் செய்ய முடியும்.

இந்த வேலையில் மொழிக் கழகத்திற்கும் இடம் உண்டு. வாகனச் சட்டமும் பாதுகாப்புக் குறிப்புகளும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு வேன் ஓட்டப் போன தலைமுறைக்கு, நாளிதழைப் படிக்கும் அதே எளிமையில் இவை தமிழில் வேண்டும். இயந்திரவியல் மாணவர் எடைக் கணக்கைப் போடட்டும். மின்னியல் மாணவர் மின்கம்பியின் தடிமனையும் உருகியையும் சொல்லட்டும். சட்டம் படிப்பவர் விதிகளைப் பிரித்துக் காட்டட்டும். தமிழியல் மாணவர் அவற்றை அப்பாக்களுக்குப் புரியும் தமிழில் எழுதட்டும். பதினாறு பக்கத்தில் ஒரு கையேடு; கழகம் ஆண்டுதோறும் நடத்தும் விழாக்களுக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே அதற்குப் போதும். வேலைக்குப் போய்விட்ட முன்னாள் மாணவர்கள் கைகொடுத்தால், ஒரு சனிக்கிழமையில் ஒரு வேனுக்குப் பெட்டிகள் செய்து காட்டவும் முடியும்.

படித்த படிப்பு பெற்றோரின் கைக்கு எட்டும் பொருளாக மாறுவது அரிது. இங்கே அதற்கு ஒரு வழி இருக்கிறது. பலகை, திருகாணி, தாங்குபட்டை, கொசுவலை ஆகிய எல்லாமே நம் பட்டணத்து இரும்புக்கடையிலும் துணிக்கடையிலும் கிடைப்பவைதாம். முதலில் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்து நிற்கும் அந்த வேனின் பின்கதவைத் திறந்து அளந்து பாருங்கள். அப்பா என்னவென்று கேட்பார். சொல்லுங்கள், மீதிக் கணக்கை அவரே போடுவார்.